உஷார்! ஏமாந்தவர்கள் கூடும் இடத்துக்கு ஏமாற்றுபவனும் வருவான்

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் பகுதியில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. தீபாவளிச் சீட்டு பிடித்த வீடு. மாதம் 1,000 ரூபாய் வீதம் 12 மாதம் கட்டினால் பித்தளை அண்டா, தங்கக் காசு, மளிகைச் சாமான், பட்டாசுப் பெட்டி எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய்க்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். கட்டியவர்கள் 140 பேர். பூ விற்கிறவர், இட்லிக் கடைக்காரர், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூட ஆயா என்று எல்லோரும் அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள்.

ஸ்டேஷனுக்கு முதலில் போனது இரண்டு பெண்கள். "எவ்வளவும்மா போச்சு?" என்று போலீஸார் கேட்டார்கள். "பன்னெண்டாயிரம் சார்." "ரசீது இருக்கா?" "அட்டை இருக்கு சார், அவங்க கையெழுத்துப் போட்டது." "இது சிவில் மேட்டர்மா. கோர்ட்ல போய்ப் பாத்துக்கங்க." அவ்வளவுதான். பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு எந்தக் கோர்ட்டுக்கு, எந்த வக்கீலை வைத்துப் போவது?

அன்று சாயங்காலமே ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கியாயிற்று. இரவுக்குள் 90 பேர் சேர்ந்துவிட்டார்கள். மறுநாள் காலையில் அந்த வீட்டு வாசலில் கூட்டம். யாரோ ஜன்னலில் கல் எறிந்தார்கள். போலீஸ் அப்போதுதான் வந்தது. மாமூல் ரோந்து வரும் ஜீப்கூட எட்டிப் பார்க்காத தெருவுக்கு, கண்ணாடி உடைந்த அரை மணி நேரத்தில் ஆள் வந்துவிட்டது. கல் எறிந்ததாக நான்கு பையன்கள் மீது வழக்கு. பணத்தோடு ஓடியவர் மீது எந்தக் காகிதமும் இல்லை. பணம் பறிகொடுத்தவர்கள் குற்றவாளிகளாக நின்றார்கள்.

உஷார் என்று நான் சொல்ல வருவது இந்த இடத்தைத்தான். பணம் போகும் நேரத்தில் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். பணம் போன பிறகு வரும் முதல் மூன்று வாரம் அதைவிட ஆபத்தானது. போலீஸ் அசையாதபோது நமக்கு இருக்கும் ஒரே பலம் கூட்டம். அந்தக் கூட்டமே அடுத்த மோசடிக்காரனுக்கு மொத்தமாகக் கிடைக்கும் இரை. ஏமாந்தவர்களின் பெயர், போன் நம்பர், இழந்த தொகை எல்லாம் ஒரே குரூப்பில் கிடைக்கும்போது அவனுக்கு வேறென்ன வேண்டும்?

'சிவில் மேட்டர்' என்றால் திரும்பி வராதீர்கள்

முதலில் அந்த மந்திர வார்த்தையைப் பார்ப்போம். கைமாற்றாகக் கொடுத்த கடனை ஒருவர் திருப்பித் தராவிட்டால் அது சிவில் விவகாரமாக இருக்கலாம். பொதுமக்கள் பலரிடம் டெபாசிட்டாகப் பணம் வாங்கிக்கொண்டு முதிர்வு நாளில் கைவிரித்தால் கதை வேறு. தமிழ்நாட்டில் அதற்கென்றே 1997-ல் ஒரு சட்டம் வந்தது. முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம். கோர்ட்டிலும் ஸ்டேஷனிலும் 'டி.என்.பி.ஐ.டி.' என்றால்தான் புரியும். தொண்ணூறுகளில் ஊருக்கு ஊர் முளைத்த பைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாக இழுத்து மூடிய காலத்தில் பிறந்த சட்டம் இது. டெபாசிட்டைப் பணமாகவோ பொருளாகவோ திருப்பித் தராமல் தவறுவதே இந்தச் சட்டத்தின்படி குற்றம். நிர்வாகத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு 10 ஆண்டு வரை சிறை. அவர்களின் சொத்தை அரசு முடக்கலாம். சிறப்பு நீதிமன்றத்தின் உத்தரவோடு அதை விற்று, பணம் கட்டியவர்களுக்குப் பிரித்துத் தரலாம். சென்னை, மதுரை, கோவையில் இதற்கான சிறப்பு நீதிமன்றங்கள் உண்டு. விசாரிப்பதற்குப் பொருளாதாரக் குற்றப்பிரிவு இருக்கிறது.

அடுத்தது எஃப்.ஐ.ஆர். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரைப் படித்தாலே தெரிந்தால், வழக்குப் பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பரில் தீர்ப்பளித்தது. வணிகத் தகராறு போன்றவற்றில் முதற்கட்ட விசாரணை நடத்திப் பார்க்கலாம் என்று ஒரு விலக்கும் கொடுத்தது. ஸ்டேஷன்களில் அந்த விலக்கைத்தான் பாயாக விரித்துப் படுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த விசாரணைக்கும் காலவரம்பு உண்டு. மாதக்கணக்கில் 'பாத்துக்கிட்டு இருக்கோம்' என்று சொல்ல அது இடம் தரவில்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில் 173-ம் பிரிவை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். பதிவு செய்த எஃப்.ஐ.ஆரின் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். ஸ்டேஷனில் பதிய மறுத்தால் புகாரை எழுத்தில், தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். அங்கும் அசையாவிட்டால் 175(3) பிரிவின்படி, பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போட்டு, விசாரிக்க உத்தரவு கேட்கலாம். இந்தப் படிகளைத் தாண்டிக் குதித்தால் கோர்ட் உங்களையே திரும்பிப் போகச் சொல்லும். அதனால் ஒவ்வொரு படியிலும் காகிதம் வேண்டும். தபால் அனுப்பிய ரசீது, அது போய்ச் சேர்ந்த அத்தாட்சி, மனு கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது எல்லாம் கையில் இருக்க வேண்டும்.

சி.எஸ்.ஆர். கையில் வந்ததும் பலர் வழக்குப் பதிந்தாகிவிட்டது என்று நிம்மதியாகி விடுகிறார்கள். உஷார்! அது மனுவை வாங்கிக்கொண்டதற்கான ரசீது மட்டுமே. எஃப்.ஐ.ஆர். எண் வேறு. அந்த எண் வரும்வரை நீங்கள் வழக்குக்கு வெளியேதான் நிற்கிறீர்கள்.

கூட்டத்துக்குள் நுழையும் நான்கு பேர்

எங்கள் பகுதிக் குரூப்பில் மூன்றாம் நாள் ஒரு குரல் பதிவு வந்தது. "யாரும் அவசரப்பட்டுக் கம்ப்ளெயின்ட் கொடுக்காதீங்க. சீட்டு பிடிச்ச அக்கா எங்கயும் போகல, பணம் புரட்டிக்கிட்டு இருக்காங்க. கேஸ் போட்டா எல்லாத்தையும் முடக்கிடுவாங்க. கம்ப்ளெயின்ட் கொடுத்தவங்களுக்குப் பணம் கடைசியாத்தான் வரும்." சொன்னவர் அந்தச் சீட்டுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர்களில் ஒருவர்.

இவர்தான் முதல் ஆள். தமிழ்நாட்டில் எந்த நிதி மோசடியை எடுத்தாலும் இந்தக் குரல் கேட்கும். புகார் தள்ளிப்போகும் ஒவ்வொரு வாரமும் ஓடியவருக்கு லாபம். நிலத்தை மைத்துனர் பெயருக்கு மாற்றலாம், நகையை அடகு வைக்கலாம், பாஸ்போர்ட்டைத் தேடி எடுக்கலாம். 2024 ஜனவரியில் கோவை நீலம்பூரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டது நினைவிருக்கிறதா? விளம்பரம் பார்த்தால் பணம் என்று சொன்ன ஒரு நிறுவனத்தின் மீது வழக்குப் பதிந்ததை எதிர்த்துத் திரண்ட கூட்டம் அது. பணம் கட்டியவர்களே நிறுவனத்துக்கு ஆதரவாக நின்றார்கள். போட்ட பணம் போய்விடுமோ என்ற பயம், அதை வாங்கியவனுக்கே காவல் நிற்க வைத்துவிடுகிறது.

இரண்டாவது ஆள் கட்டப்பஞ்சாயத்துக்காரர். "போலீஸெல்லாம் வேலைக்கு ஆகாது தம்பி. நம்ம பசங்க போய் உக்காந்தா ஒரே ராத்திரியில வாங்கிடலாம். முப்பது பர்சன்ட் மட்டும் நமக்கு." கேட்க இனிக்கும். இவர் பணத்தோடு ஓடியவரிடம் போய் 'உன்னைக் காப்பாற்றுகிறேன்' என்று அங்கேயும் ஒரு தொகை வாங்குவார். மிரட்டியோ அடைத்து வைத்தோ வாங்கியது வெளியே தெரிந்தால் பணம் பறித்தல் வழக்கில் உங்கள் பெயரும் சேரும். அதோடு உங்கள் நியாயமான புகாரின் மதிப்பும் போகும்.

மூன்றாவது ஆள் போனில் வருவார். வழக்குப் பதிந்து செய்தி பேப்பரில் வந்த சில நாளில், "பொருளாதாரக் குற்றப்பிரிவிலிருந்து பேசுறேன். உங்க பணம் 12,000 ரிலீஸ் ஆகியிருக்கு. ஜி.எஸ்.டி.யும் பிராசஸிங் கட்டணமும் 1,850 ரூபாய் கட்டினா இன்னிக்கே அக்கவுன்ட்ல ஏறிடும்" என்பார். உங்கள் பெயர், சீட்டு எண், தொகை எல்லாம் சரியாகச் சொல்வார். எப்படித் தெரியும்? நீங்கள்தான் குரூப்பில் போட்டீர்கள்! போன பணம் திரும்புவதற்கு எந்தக் கோர்ட்டும், எந்தக் காவல் பிரிவும் போனில் கட்டணம் கேட்காது. வீடியோ காலில் சீருடையோடு தோன்றினாலும் கேட்காது. ஓ.டி.பி.யும் கேட்காது. இதை வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் இன்றே சொல்லி வையுங்கள்.

நான்காவது ஆள்தான் மிகவும் வலி தருபவர். நம் கூட்டத்தின் தலைவர். முன்னால் நின்று கோஷம் போட்டவர், மைக்கில் பேசியவர். ஒருநாள் திடீரென்று அமைதியாகிவிடுவார். அவருக்கும் அவருடைய சொந்தக்காரர்களுக்கும் மட்டும் பணம் வந்து சேர்ந்திருக்கும். மற்றவர்களிடம் "சமரசப் பேச்சு நடக்குது, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று ஒரு தாளை நீட்டுவார். அந்தத் தாளில் 'எனக்குச் சேர வேண்டியது முழுவதும் கிடைத்துவிட்டது' என்று எழுதியிருக்கலாம். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்று முத்திரைத்தாளில் ஒருபோதும் போடாதீர்கள்.

நால்வரையும் தடுக்க எங்கள் பகுதியில் பிறகு ஒரு விதி வைத்தோம். கூட்டத்தில் காகிதம் சேரலாம், பணம் சேரக் கூடாது. ஜெராக்ஸ் செலவு, தபால் செலவு அவரவர் கையிலிருந்து. வக்கீல் கட்டணம் என்றால் வக்கீலிடமே கொடுத்து ரசீது. ஒருவர் கையில் மொத்தமாகச் சேரும் பணம், ஏமாந்தவர்களுக்கு நடுவே புதிதாக ஒரு சீட்டுக் கம்பெனியைத் தொடங்குவதற்குச் சமம்.

கண்ணாடி உடைத்தால் பணம் வராது

அந்தக் கல்லுக்குத் திரும்பி வருகிறேன். கோபம் நியாயமானது. ஆனால் சட்டத்துக்கு அதைப் படிக்கத் தெரியாது. வாசலில் கூடி வழி மறித்தால் ஒரு பிரிவு, மிரட்டினால் ஒரு பிரிவு, ஜன்னலை உடைத்தால் இன்னொரு பிரிவு. ஓடியவரின் மகள் படிக்கும் கல்லூரியை, மகளுடைய போட்டோவை, வீட்டு முகவரியைச் சமூக வலைத்தளத்தில் போட்டால் உங்கள் மீதே வழக்கு பாயலாம். மகள் என்ன பாவம் செய்தாள் என்பது தனிக் கேள்வி. பணம் கொடுத்த 140 பேர் ஒரு பக்கம் நிற்க, எதிர்த்தரப்பு வக்கீல் கையில் ஒரு 'எதிர்ப் புகார்' கிடைத்துவிட்டால், விசாரணை அதிகாரிக்கு அதைவிட வசதி இல்லை. இரண்டு பக்கமும் கேஸ், இரண்டு பக்கமும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று முடித்துவிடலாம்.

இன்னொன்று. ஊரெல்லாம் கத்திவிட்டுப் புகார் கொடுக்கப் போனால், ஓடியவருக்கு நாமே முன்னறிவிப்பு கொடுத்த மாதிரி. முதலில் புகார், பிறகுதான் போராட்டம். போராட்டமும் ஸ்டேஷன் வாசலைவிடக் கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் பலிக்கும். 140 பேர் வரிசையில் நின்று, ஒவ்வொருவரும் ஒரு மனு கொடுத்து, ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு எண் வாங்கினால் அது 140 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் யாராவது பதில் எழுதியாக வேண்டும். முதல்வரின் உதவி மைய எண் 1100-லும் பதியலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, 'என் மனு மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன, யாரிடம் இருக்கிறது' என்று கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். கல் செய்யாததை இந்த 10 ரூபாய் செய்யும்.

ஊருக்குத் தெரியும், ஸ்டேஷனுக்குத் தெரியாது

போலீஸ் அசையாததற்கு எப்போதும் கையூட்டுதான் காரணம் என்று நினைக்காதீர்கள். பல நேரம் அது சோம்பல். 140 பேரின் அட்டையைப் பார்த்து, கணக்குப் போட்டு, சொத்தைத் தேடி, ஆளைத் தேடிக் கோப்புக் கட்ட வேண்டும். யார் செய்வது? அந்த வேலையில் பாதியை ஊரே செய்து கொடுத்துவிட்டால், 'சிவில் மேட்டர்' என்று சொல்ல வாய் வராது.

எங்கள் பகுதியில் தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். மூன்று வாரம் எல்லோரும் கத்தி ஓய்ந்த பிறகு அவர் ஒரு நீள நோட்டை எடுத்துக்கொண்டு வந்து கோயில் திண்ணையில் உட்கார்ந்தார். "பேரு, வீட்டு நம்பர், எத்தனை மாசம் கட்டினே, கையிலயா ஜிபேலயா, யாருகிட்ட கொடுத்தே... இத மட்டும் சொல்லு. அழுகையெல்லாம் அப்புறம்" என்றார். இரண்டு சாயங்காலத்தில் முழுப் பட்டியலும் தயார். 12,000 என்று சொன்னபோது அலட்சியப்படுத்திய தொகை, கூட்டிப் பார்த்தபோது 16,80,000 ரூபாய். அந்த எண்ணை முதல் வரியில் எழுதிய மனு வேறு மாதிரி படிக்கப்படுகிறது.

பட்டியலைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. யாருக்கு எங்கே நிலம் இருக்கிறது என்று ஊருக்குத் தெரியும். 'போன ஆடியில பைபாஸ் பக்கம் ரெண்டு கிரவுண்டு வாங்கினாங்க, பத்திரம் தம்பி பேர்ல.' 'கடை வாடகை அட்வான்ஸே அஞ்சு லட்சம்.' 'வண்டி மருமகன் ஓட்டுறார்.' இதெல்லாம் டீக்கடையில் வீணாகப் போகும் பேச்சு. இதே பேச்சைச் சர்வே எண், கிராமத்தின் பெயரோடு எழுதி, பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்து மனுவோடு இணைத்தால், முடக்க வேண்டிய சொத்தின் பட்டியலாகிவிடும். டி.என்.பி.ஐ.டி. வழக்கில் உங்களுக்குப் பணம் திரும்புவது முடக்கப்பட்ட சொத்திலிருந்துதான். எத்தனை பேர் கைதானார்கள் என்பது செய்தி. எத்தனை சொத்து சிக்கியது என்பதுதான் உங்கள் பங்கு. ஆருத்ரா என்ற நிதி நிறுவனத்தின் மோசடியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலானதாகப் போலீஸ் சொன்னது. மாதம் 25, 30 சதவீத வட்டி என்று ஆசை காட்டிச் சேர்த்த பணம். அவ்வளவு பெரிய தொகையில் முதலில் புகார் சொல்லி, முதலில் சொத்தைக் காட்டுகிறவர்களின் வேகம்தான் மற்றவர்களுக்கும் கஞ்சி ஊற்றும்.

இங்கேதான் பக்கத்து வீட்டு அக்காவின் நிலைமையையும் பேச வேண்டும். நம்மைச் சீட்டில் சேர்த்துவிட்ட அக்கா. அவரும் பணம் இழந்தவர். ஊர் முழுக்க அவரைத்தான் திட்டியது. பெரியவர் மட்டும் திட்டவில்லை. "நீ யாருகிட்டெல்லாம் வாங்கி யாருகிட்டக் கொடுத்தே, எழுதி வச்சிருக்கியாம்மா?" என்று கேட்டார். எழுதி வைத்திருந்தார்! தேதி, தொகை, வாங்கிக்கொண்டவரின் கையெழுத்தோடு ஒரு பால் கணக்கு நோட்டு. வழக்கில் அதைவிடப் பெரிய ஆவணம் எதுவும் இல்லை. தெரிந்தே ஆள் பிடித்துக் கமிஷன் தின்றவரை விட்டுவிடச் சொல்லவில்லை. தெரியாமல் மாட்டிக்கொண்டவரை அடித்து விரட்டினால் நம் சாட்சியை நாமே விரட்டுகிறோம்.

திருப்பூர் சொல்லும் பாடம்

போலீஸே எதிராக நின்றால்? அதுவும் நடந்திருக்கிறது. 2008, 2009-ல் திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு பாசி ஃபாரெக்ஸ் என்ற நிறுவனம் அந்நியச் செலாவணி வியாபாரம் என்று சொல்லி ஆயிரக்கணக்கானோரிடம் வசூலித்தது. நிறுவனம் கைவிரித்த பிறகு அந்த வழக்கு காவல்துறையையே உலுக்கியது. நிறுவனத்தின் இயக்குநர்களிடமிருந்து பணம் பறித்ததாகக் காவல்துறை அதிகாரிகள் மீதே வழக்கு வந்தது. விசாரணை 2011-ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சி.பி.ஐ.க்கு மாறியது. 2022 ஆகஸ்டில் கோவை சிறப்பு நீதிமன்றம் இயக்குநர்கள் இருவருக்குத் தலா 27 ஆண்டு சிறையும், 171 கோடி ரூபாய்க்கு மேல் அபராதமும் விதித்தது. மோசடித் தொகை 930 கோடி ரூபாய்.

பதின்மூன்று ஆண்டு! திருமணத்துக்குச் சேர்த்த பணம் பேரன் பள்ளிக்கூடம் போகும்போது தீர்ப்பைப் பார்க்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு வந்ததற்கு முதலீட்டாளர்கள் கலையாமல் நின்றது ஒரு காரணம். ஆளுக்கொரு பக்கம் ஓடியிருந்தால் அந்த வழக்கு எந்தப் பீரோவில் தூங்கியிருக்குமோ.

'பெரிய இடம், பழைய இடம், அங்கே நடக்காது' என்றும் எண்ணாதீர்கள். 1872-ல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து சாஸ்வத நிதி ஒன்றரை நூற்றாண்டுப் பெயர். ஓய்வூதியப் பணத்தை அங்கே போட்ட முதியவர்கள் திரண்டு புகார் கொடுத்த பிறகு, 2024 ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநர் கைதானார். வயதானவர்கள் வரிசையில் நின்றது யாருக்கும் பிடித்த காட்சியல்ல. ஆனால் வரிசையில் நின்றார்கள், எழுத்தில் கொடுத்தார்கள்.

முதல் ஏழு நாளில்...

1. இணையம் வழியாகப் போன பணம் என்றால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு ஓடுவதற்குள் முடக்க முடிந்தால்தான் உண்டு. தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் பதிந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வங்கிக்கும் அதே நாளில் எழுத்தில் கொடுங்கள்.

2. அட்டை, பாண்டு, ரசீது எதன் அசலையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். 'புது பாண்டு போட்டுத் தர்றோம், பழசைக் கொடுங்க' என்று ஏஜென்ட் வருவார். கொடுத்தால் ஆதாரம் போயிற்று. போலீஸ் கேட்டால் எழுத்தில் அத்தாட்சி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

3. போனை மாற்றாதீர்கள், வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். அவர்களின் குரூப்பில் இருந்து வெளியேறுவதற்கு முன் உரையாடல் முழுவதையும் சேமித்து வையுங்கள். திடீரென்று குரூப்பையே கலைத்துவிடுவார்கள்.

4. கூட்டு மனு ஒன்று, தனி மனு ஒவ்வொருவருக்கும் ஒன்று. 'அவங்க கொடுத்தாங்களே, அதுலயே நம்மளும் வந்துடுவோம்' என்று உட்காராதீர்கள். பிறகு பணம் பிரிக்கும் நாளில் பட்டியலில் பெயர் தேட வேண்டியிருக்கும்.

5. குரூப்பில் ஆதார், வங்கிக் கணக்கு எண் எதையும் பகிராதீர்கள். பட்டியல் காகிதத்தில், ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். நகல் மூன்று பேரிடம் இருக்கட்டும்.

6. வக்கீலுக்குப் பணமில்லை என்று விட்டுவிடாதீர்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. உதவி எண் 15100.

7. பதிவு செய்த சீட்டு நிறுவனம் என்றால் சீட்டுப் பதிவாளரிடமும் மனு கொடுங்கள். சீட்டு நடத்துபவர் பதிவாளரிடம் பிணையத் தொகை கட்டியிருக்க வேண்டும். பதிவே செய்யாத சீட்டு என்றால் அதை நடத்துவதே குற்றம் என்பதையும் மனுவில் எழுதுங்கள்.

8. கோரிக்கையை ஒரே வரியில் வையுங்கள். 'வழக்குப் பதிந்து, சொத்தை முடக்குங்கள்.' 'ஆளைப் பிடித்து எங்கள் கையில் கொடுங்கள்' என்று கேட்டால், அது வேறு கூட்டம்.

எண் வந்தது

எங்கள் பகுதிக் கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். முடியவில்லை. முதலில் ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர்., பிறகு எஸ்.பி. ஆபீஸுக்குத் தபால், அதற்குப் பிறகு கலெக்டர் ஆபீஸ் வரிசை. நீள நோட்டுப் பட்டியலையும் வில்லங்கச் சான்றையும் பார்த்த பிறகுதான் ஓர் அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். எஃப்.ஐ.ஆர். எண் வந்தது. அந்த பைபாஸ் மனை வழக்கில் சேர்ந்திருக்கிறது. பணம் வரவில்லை. எப்போது வரும் என்று சொல்ல யாருக்கும் துணிவில்லை. கல் எறிந்த நான்கு பையன்களும் இன்னும் வாய்தாவுக்குப் போய் வருகிறார்கள். முதல் நாளே அந்தத் திண்ணையில் நோட்டு விரிந்திருந்தால் மூன்று வாரம் மிஞ்சியிருக்கும். அந்த மூன்று வாரத்தில் விற்றுப்போன இன்னொரு மனையும் மிஞ்சியிருக்கும்.

போன வாரம் பூ விற்கும் அம்மாவுக்கு ஒரு போன் வந்தது. 'உங்க 12,000 ரெடியா இருக்கு, 600 ரூபாய் மட்டும் அனுப்புங்க.' பெயர், சீட்டு எண் எல்லாம் சரியாகச் சொன்னானாம். அம்மா பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டிருக்கிறார்: "கேஸ் நம்பர் என்னப்பா, சொல்லு?"

மறுமுனையில் லைன் கட்டாகிவிட்டது.